ரண ஜன்னி

ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் தடுப்பூசி அட்டவணையில், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகியவற்றோடு சேர்த்து நாம் வாசித்துவிட்டுப் போகிற ரண ஜன்னி என்ற பெயர், டெட்டனஸ் என்று டாக்டர்கள் சொல்லும் கொடிய வியாதிக்கு வழங்கும் பெயர்களுள் மிகவும் பயனுள்ளது என்றே எனக்குத் தோன்றுகிறது. சரீரம் பின்புறமாக வளைந்து விறைத்துவிடும் கோரத்தைக் கண்ட ஆயுர்வேத ஆசாரியர்கள் வில்லை நினைத்துத் தனுஸ்தம்பம் என்றார்கள். வாய் திறவாதபடி தாடை இறுகுவதைக் கண்ட ஆங்கிலேயர் தாடையின் பெயரையே இட்டார்கள். இலங்கைத் தமிழர் ஏற்புவலி என்பர். இவையெல்லாம் நோயாளியின் கோலத்தைச் சொல்பவை. ரணம் என்ற சொல்லோ நோய் நுழைந்த வாசலைச் சொல்கிறது.

ஆயினும் ரணம் என்றவுடன் இரத்தம் பெருகும் திறந்த புண்ணையே நாம் எண்ணிக்கொள்கிறோம். நம் பயம் முழுவதும் துருப்பிடித்த ஆணியின்மேல் போய்விடுகிறது. துருவில் விஷம் ஏதும் இல்லை. கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் கிருமியின் வித்துகள் தோட்டத்து மண்ணிலும் தெருப்புழுதியிலும் மாட்டுச் சாணத்திலும் குதிரை லத்தியிலும் வருஷக்கணக்கில் சாகாமல் கிடப்பவை. பிராணவாயு உள்ள இடத்தில் முளைக்கமாட்டா. ஆகையால், முள்ளோ ஆணியோ ஆழமாகப் பாய்ந்து, மேல்தோல் இரண்டொரு நாளில் மூடிக்கொண்டு, இனிக் கவலையில்லை என்று நாம் மறந்துவிடுகிற அந்தச் சிறு துவாரமே அவற்றுக்கு உகந்த இடம். பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஜப்பானியரான கிடசாட்டோ ஷிபாசாபுரோ, பிற கிருமிகளோடு கலந்தே வளர்ந்து மற்றவர்களுக்குப் பிடிபடாதிருந்த இதனை, கலவையை 80 டிகிரி வரை சூடாக்கி, அந்தச் சூட்டைத் தாங்க மாட்டாதவை மடிந்தபின், எஞ்சியதை ஹைட்ரஜன் வாயுவில் வளர்த்து, 1889-இல் தனியே பிரித்தெடுத்தார்.

ஜன்னி என்ற பிற்பாதிதான் சற்றே வழிதவறச் செய்வது. ஜன்னி கண்டவர் நினைவிழந்து பிதற்றுவார் என்பது நம் ஜனங்களின் அனுபவம். இங்கோ அப்படியன்று. கிருமி புண்ணிலேயே தங்கிவிட, அது சுரக்கும் விஷம் நரம்புகளின் வழியே முதுகுத்தண்டுக்கு ஏறி, தசைகளை அடக்கித் தளர்த்தும் சமிக்ஞைகளைத் தடுத்துவிடுவதால், முதலில் தாடையும், பிறகு கழுத்தும், முதுகும், வயிறும் இறுகுகின்றன. கதவு படாரென்று சாத்தும் ஓசையே ஓர் இசிவைக் கிளப்பப் போதும். இவ்வளவுக்கும் நோயாளியின் புத்தி தெளிவாகவே இருக்கிறது என்பதுதான் இவ்வியாதியின் மகா கொடுமை.

அசுத்தமான கத்தியால் அறுத்த தொப்புள்கொடியிலும், சாணம் பூசிய தொப்புளிலும் இதே கிருமி புகுந்து பச்சிளம் சிசுக்களைக் கொள்ளைகொண்ட காலம் வெகு தூரத்தில் இல்லை. கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியால் அவள் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் காக்கிறது; அதனாலும் சுத்தமான பிரசவத்தாலுமே 2015-இல், ஒவ்வொரு ஜில்லாவிலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழாகச் சிசுக்களின் ரண ஜன்னி குறைந்துவிட்டதென்று நம் தேசம் அறிவிக்க முடிந்தது. ஆனால் மண்ணிலுள்ள வித்துகள் ஒழியவில்லை, ஒழிக்கவும் இயலாது. அம்மை வந்து போனவருக்கு மறுபடி வராதென்று நாம் நம்பும் கணக்கும் இங்கே செல்லாது. ஆளைக் கொல்லப் போதுமான விஷத்தின் அளவுகூடச் சரீரத்தில் எதிர்ப்பைத் தூண்டப் போதாத அத்தனை சிறிதாகையால், ரண ஜன்னியிலிருந்து பிழைத்து எழுந்தவரும் முறைப்படி தடுப்பூசி போட்டுக்கொண்டே தீரவேண்டும்.