இரத்தக் கொதிப்பும் குலவழியும்

“எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இருதயம் பலவீனம், எது செய்தும் பயனில்லை” என்று நம் அங்கத்தினர் சிலர் கூறுவதுண்டு. ஜெயங்கொண்டத்துத் தறி மேடையிலும், செட்டிகுளத்து வெங்காயக் காட்டிலும் கேட்கும் இப்பேச்சின் முற்பாதியில் உண்மையுண்டு; பிற்பாதி தவறு.

2009-ஆம் ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்துத் தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்துத் தங்கராஜ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். இருதயத் தசைக்கு வேண்டிய ஒரு புரதத்தை ஆக்கும் மரபணுவில், இந்தியருள் 100-க்கு ஏறத்தாழ 4 பேருக்கு 25 எழுத்துக்கள் விடுபட்டுள்ளன என்பதே அது. நெசவாளருக்கு விளங்கக் கூறின், பாவில் சில இழைகள் அறுந்தே நெய்த துணி போன்றது. இளமையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நடுவயது கடந்தபின் சிலருக்குத் தசை தடித்தோ, தளர்ந்தோ போகும். இக்குறை உடையோர் அனைவரும் நோயுறுவதில்லை என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எனினும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் இதனைப் பெற்ற பிள்ளைக்குத் துன்பம் கடுமை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கம் அதற்கு வாய்ப்பைப் பெருக்குகிறது. சொத்துப் பிரியாதிருக்கச் செய்யும் ஏற்பாட்டில் இதனையும் எண்ண வேண்டாமா?

இரத்தக் கொதிப்பின் கதை வேறு. அதற்கு ஒரு மரபணு மட்டும் காரணமன்று. நூற்றுக்கணக்கானவை சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆனால் அது விதியன்று. உப்பு, புகையிலை, உடற்பருமன், உழைப்பின்மை ஆகியவை அதனை மேலும் உயர்த்தும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அஃது ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்டது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

கொதிப்பு வலியின்றி வரும். ஆகவே, தலை சுற்றட்டும் என்று காத்திராமல், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அளந்து பார்த்தல் வேண்டும். பலமுறை அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது நோயே. 2021-இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் மாத்திரைகள் இல்லத்திற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. அளவு குறைந்துவிட்டதென்று தாமாகவே நிறுத்திவிடுவோர் பலர். குறைந்தது மாத்திரையினாலேயே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

மருத்துவரிடம் செல்கையில் ஒரு சீட்டு எழுதிச் செல்க: தந்தை, தாய், உடன்பிறந்தார், மாமன் ஆகியோருள் யாருக்குக் கொதிப்பு, யாருக்கு மாரடைப்பு, யார் எவ்வயதில் திடீரென இறந்தார் என்று. இளவயதில் அவ்வாறு இறந்தவர் ஒருவர் இருப்பினும், இருதயத்தை ஒலியலையால் படம்பிடித்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டறிக.