ஏழைக்கு மட்டும் ஒரு தடையா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கருச்சிதைவைப் பற்றிய விவாதம் அரை நூற்றாண்டாகியும் ஓய்ந்தபாடில்லை. அதில் ஏழை ஸ்திரீகளைப் பெரிதும் பாதிக்கும் ஓர் அம்சத்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

1973-ஆம் வருஷம் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட், கருவைக் கலைத்துக்கொள்ளும் உரிமை ஸ்திரீகளுக்கு உண்டென்று தீர்ப்பளித்தது. 1976-ல் பிரதிநிதி சபை அங்கத்தினர் ஹென்றி ஹைட் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு திருத்தத்தைப் புகுத்தினார். ஏழைகளின் வைத்தியச் செலவுக்காக 1965-ல் ஏற்பட்ட மெடிக்கெய்டு திட்டத்தின் மத்திய சர்க்கார் பணம் கருச்சிதைவுக்குச் செலவாகலாகாது என்பதே அதன் சாரம். 1993-ஆம் வருஷத்திலிருந்து, தாயின் உயிருக்கு ஆபத்து, பலாத்காரம், நெருங்கிய உறவினரால் நேர்ந்த கர்ப்பம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. வருஷந்தோறும் இத்தடை புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது.

ஹைட் தமது நோக்கத்தை மறைக்கவில்லை. செல்வர், நடுத்தரத்தார், ஏழை என்று பாராமல் எல்லா ஸ்திரீகளையும் தடுக்கவே தாம் விரும்புவதாகவும், தமக்குக் கிடைத்த கருவி மெடிக்கெய்டு மசோதா ஒன்றே என்றும் 1977-ல் சபையிலேயே கூறினார். எல்லாரையும் தடுக்க இயலாததால் ஏழையைத் தடுத்தார் என்பதுதானே இதன் பொருள்?

1980-ல் சுப்ரீம் கோர்ட் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் இத்தடையை ஏற்றது. வறுமை சர்க்கார் உண்டாக்கிய இடையூறல்லவாதலால், அதை நீக்கும் கடமையும் சர்க்காருக்கு இல்லையாம்! கதவைத் திறந்துவைத்துப் படிகளைப் பெயர்த்தெடுப்பதற்கு இது ஒப்பாகும்.

கருவை உயிரென நம்புவோர், தம் வரிப்பணம் அதை அழிக்கச் செலவாவதை மனச்சாட்சி பொறுக்கவில்லை என்கின்றனர். அந்த மனச்சாட்சியை நாம் இகழவில்லை. ஆனால் கையில் பணமுள்ளவளை விட்டுவிட்டு இல்லாதவளை மட்டும் மறிக்கும் ஏற்பாட்டை அறம் என்று எவ்வாறு சொல்வது?

இத்தடையை நீக்க 2015-ல் பார்பரா லீ அம்மையார் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பின்னரும் பலமுறை கொண்டுவரப்பட்ட அது சட்டமாகவில்லை. கருச்சிதைவு உரிமையையே சட்டமாக்க முயன்ற வேறொரு மசோதா, 2021-ல் பிரதிநிதி சபையில் 218-க்கு 211 என்று நிறைவேறி, 2022 மே மாதம் செனட்டில் 49-க்கு 51 என்று தடைப்பட்டது. அடுத்த மாதமே, ஜூன் 24-ல், 1973-ஆம் வருஷத்துத் தீர்ப்பு ரத்தாயிற்று.

அதன் பின் பல ராஜ்யங்கள் கருச்சிதைவைத் தடைசெய்துவிட்டன. அங்கே வாழும் ஏழை ஸ்திரீ வைத்தியச் செலவோடு பிரயாணச் செலவையும், இழந்த கூலியையும் சுமந்து வெளி ராஜ்யம் செல்ல வேண்டும். வசதி படைத்தவளுக்கு அது ஒரு பிரயாணம். இவளுக்கோ கைக்கெட்டாத காரியம்.

கருச்சிதைவு கூடாதென்போர் அதை ஜனங்கள் முன் வெளிப்படையாக வாதாடட்டும். பிறருடைய வறுமையை வேலியாக்கிக் காரியத்தைச் சாதித்துக்கொள்வது ஜனநாயகத்திற்கு அழகன்று. அமெரிக்கக் காங்கிரஸ் ஹைட் திருத்தத்தை நீக்குவதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம்.