போன காலத்தின் வாசல்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு வரும் சாலையோரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய அப்படப்பிடிப்பு நிலையம் மறைந்துவிட்டது. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற வண்ணப் படத்தைத் தமிழருக்கு அளித்த இடத்திற்கு அவ்வளைவே சாட்சி. மஞ்சக்குட்டையிலிருந்து சேலத்திற்கு இறங்கும் நம் மக்கள் அதனைக் காணும்போதெல்லாம் போன காலத்தின் வாசலைக் காண்கின்றனர். உள்ளே புகத்தான் வழியில்லை.

அவ்வழியைக் கற்பனையில் திறந்து காட்டுகிறது 2022-இல் வெளிவந்த 'கணம்' என்னும் திரைப்படம். ஸ்ரீகார்த்திக் இயக்கிய இப்படத்தில், சிறுவயதில் தாயை விபத்தில் இழந்த இசைக்கலைஞனாகச் சர்வானந்தும், தாயாக அமலாவும் நடித்துள்ளனர். நாசர் ஏற்றுள்ள விஞ்ஞானி பாத்திரம் காலப்பொறி ஒன்றைத் தருகிறது. நண்பர் இருவருடன் நாயகன் 1998-ஆம் ஆண்டிற்குச் செல்கிறான். நண்பர்களுக்குத் தவறவிட்ட படிப்பும் பெண்ணும் வேண்டும். அவனுக்கோ தாய் வேண்டும். முடிவைக் கூறி, காண இருப்போரின் சுவையைக் கெடுக்க மாட்டோம்.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய நாவலின் நாயகன் எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் செல்கிறான். நம் தமிழ்ப் பிள்ளையோ இருபது ஆண்டுகளே பின்சென்று தன் வீட்டு வாசலில் நிற்கிறான். உலகின் முடிவைக் காணும் ஆவல் அவனுக்கு இல்லை. அன்னையின் குரலை இன்னொருமுறை கேட்டால் போதும்.

புனித அகுஸ்தினாரை இங்கு நினைக்கிறோம். கி.பி. 387-இல் ஒஸ்தியாவில் தாய் மோனிக்கா இறந்தபோது அவர் தம் வாழ்வின் 33-ஆம் ஆண்டில் இருந்தார். தம் 'அறிக்கைகள்' நூலின் ஒன்பதாம் பகுதியில் அம்மரணத்தை வரைந்தவர், பதினொன்றாம் பகுதியில் காலம் என்பது யாது என வினவுகிறார். இறந்தகாலம் நம் நினைவில் நிகழ்காலமாகவே வாழ்கிறது என்பது அவர் கண்ட விடை.

ஆதலால், அன்னையை இழந்தோரே, அவரைப்பற்றி உங்கள் பிள்ளைகளுக்குக் கூறுங்கள். அவர் கைப்பக்குவத்தையும் கண்டிப்பையும் அவர்களும் அறியட்டும். அன்னை உயிரோடிருக்கும் பேறு பெற்றோரே, வேலை நிமித்தம் மலையிறங்கி எந்நகரில் வாழ்ந்தாலும், அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வாருங்கள். அவர் முன்னரே சொன்ன கதையை மீண்டும் சொன்னாலும் இடைமறியாமல் கேளுங்கள். அதற்குக் காலப்பொறி எதுவும் தேவையில்லை. பேருந்துச் சீட்டு ஒன்று போதும்.