அடுப்பங்கரைக்கு வரும் ஆய்வு மாணவர்கள்

புள்ளலூர் போன்ற நம் கிராமங்களில் விறகடுப்பு ஊதும் கர்ப்பிணித் தாய், வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்தே புகையைச் சுவாசிக்கிறாள். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், தமிழகத்தில் 1285 கர்ப்பிணிகளைப் பேறுகாலம் வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். காற்றின் நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைகிறது என்று 2018இல் வெளியிட்டனர். சிறிய எண்தான், ஆனால் சமைக்கும் நேரத்தில் விறகடுப்பருகே துகள் நூற்றுக்கணக்கில் ஏறுமே!

இத்தகைய ஆய்வுக்கு, கருவியோடு வீடு வீடாக ஏறி இறங்கும் இளையோர் வேண்டும். உதவித்தொகைக்கோ காலவரம்பு உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல், சமையல் புகையால் நோயுறுவோரை நினைவுகூர்கிறது. ஆய்வாளர்களுக்கு உரிய இடத்தையும் கேட்கிறது. நம் பங்குப் பிள்ளைகளில் ஒருவர் இத்துறையில் சேர்ந்தால், பயணச் செலவையாவது பங்குப்பேரவை ஏற்கலாமே. வாசலில் வந்து நிற்கும் மாணவியை நாம் அடுப்பங்கரை வரை அழைப்போம்.