தடைக்குப் பிறகும் மணக்கும் பாசி

போடிநாயக்கனூர் கடைவீதியில் ஏலக்காய்க்கு இருக்கிற மரியாதை வேறு எந்தச் சரக்குக்கும் கிடையாது. பருமன் என்ன, நிறம் எப்படி, லிட்டர் எடை எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அதே ஊர் மளிகைக்கடையில் அன்னாசிப்பூவுக்கும் மராட்டி மொக்குக்கும் நடுவில் கல்பாசியும் இருக்கும். அதற்கு ரகம் கேட்பவர் யாரும் இல்லை. ஒரு கொத்தைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது. மேற்புறம் வெளிறிய சாம்பல், அடிப்புறம் கறுப்பு, ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமாக மடிந்திருக்கும். மூக்கருகே வைத்தாலும் பெரிதாக வாசனை வராது. காய்ந்த எண்ணெயில் விழட்டும், அப்போது கிளம்பும் அது: ஈர மரப்பட்டை, பழைய தோல், கொஞ்சம் புகை, அடியில் ஒரு மண்வாசம். செட்டிநாட்டுக் குழம்பின் ஆழத்தில் இருப்பது இந்த மணம்தான்.

இதே குடும்பத்து மணத்தை அடித்தளமாக வைத்து ஐரோப்பாவில் ஒரு பெரும் வாசனை மரபே எழுந்தது. 1917-இல் பிரான்சுவா கோட்டி வெளியிட்ட ‘ஷீப்ர்’ அதற்குப் பெயர் கொடுத்தது. இரண்டே ஆண்டில், 1919-இல், ஜாக் கெர்லான் ‘மிட்சுக்கோ’வைச் செய்தார். 1944-இல் எட்மண்ட் ருட்னிட்ஸ்காவின் ‘ஃபாம்’, 1947-இல் ‘மிஸ் டியோர்’ என்று வரிசை நீண்டது. அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. தெளித்தவுடன் பெர்கமாட் என்ற நாரத்தை வகைப் பழத்தோலின் புளிப்பு வாசனை. அது அடங்கியதும் மல்லிகையும் ரோஜாவும். மணிக்கணக்கில் தோலில் தங்குவது லாப்டானம் பிசினும் ஓக் மரப்பாசியும். கடைசியில் சொன்ன பாசியை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் இரண்டும் நிற்க இடமில்லாமல் போகும்.

ஓக் மரப்பாசியும் நம் கல்பாசியும் உயிரியலில் உறவுக்காரர்கள். இரண்டும் லைக்கன்கள். ஒரு பூஞ்சை கட்டிய கூட்டுக்குள் நுண்பாசி குடியிருந்து, வெயிலில் உணவு செய்து, பூஞ்சைக்கும் பங்கு கொடுக்கும் கூட்டு வாழ்க்கை அது. இரண்டு உயிர்கள் சேர்ந்த உடல் இது என்று 1860-களில் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. ஐரோப்பியப் பாசியின் பெயர் எவர்னியா புருனாஸ்ட்ரி. பால்கன் நாடுகளின் ஓக் காடுகளில் சேகரித்து, பிரான்சின் கிராஸ் நகரத்துக்குக் கொண்டுவந்து கரைப்பானில் சாறு இறக்குவார்கள். நம் சமையலறைக்கு வருவது பெரும்பாலும் பார்மோட்ரீமா பேரினத்தைச் சேர்ந்தது. பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்பது அதில் பிரபலமான பெயர். கடைச்சரக்கில் அதன் சகோதர இனங்களும் கலந்தே வருகின்றன.

கலப்பைக் கண்டுபிடிக்க லைக்கன் ஆய்வாளர்களிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. சாம்பல் நிற மேற்புறத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் மஞ்சளாகும். அட்ரனோரின் என்ற பொருள் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். மேல்தோலைச் சுரண்டி உள்ளிருக்கும் வெள்ளைப் பஞ்சில் ப்ளீச்சிங் பவுடர் கரைசலை வைத்துச் சிவந்தால், அது லெக்கனோரிக் அமிலம் கொண்ட பார்மோட்ரீமா டிங்டோரம் ஆக இருக்கலாம். பெர்லாட்டம் சிவக்காது. வெறும் தண்ணீர் சொட்டினாலும் பார்க்க வேண்டிய காட்சிதான். சில நொடிகளில் சாம்பல் மங்கி, உள்ளே குடியிருக்கும் நுண்பாசியின் பச்சை தெரிய ஆரம்பிக்கும்.

அந்த மஞ்சள் பொட்டில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. அட்ரனோரின் என்பது இரண்டு வளையங்களை ஓர் எஸ்டர் பிணைப்பு சேர்த்துப் பிடித்திருக்கும் மூலக்கூறு. அதற்கு மணமில்லை. ஈரம், சூடு, ஆல்கஹால், காலம் இவற்றில் ஏதாவது ஒன்று அந்தப் பிணைப்பை அறுக்கிறது. காய்ந்த பாசி சும்மா கிடக்கும்போது மணக்காமல், சட்டியில் மணப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அறுந்தால் ஒரு பாதி மீத்தைல் பீட்டா-ஆர்சினால் கார்பாக்சிலேட். வாசனைத் தொழிலில் எவர்னில் என்ற பெயரில் செயற்கையாகவும் தயாரித்து விற்கப்படும் அதே பொருள், பாசி மணத்தின் தூய சாரம். மற்றொரு பாதி ஹெமட்டோமிக் அமிலமாகி, அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்றதும் அட்ரனால் ஆகிறது. குளோரின் ஏறிய மூலக்கூறு உடைந்தால் குளோரோஅட்ரனால். மணமும் அரிப்பும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

அரிப்பு எப்படி வருகிறது? அட்ரனால் ஓர் ஆல்டிஹைடு. தோலில் உள்ள புரதங்களின் லைசின் முனைகளைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். உருமாறிய அந்தப் புரதத்தை உடலின் காவல் செல்கள் அந்நியமாக எண்ணி நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதே பொருள் பட்டதும், உடனே அல்ல, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோல் சிவந்து தடிக்கும். தாமதமாக வருவதால் காரணம் எது என்று பாதிக்கப்பட்டவருக்கே புரியாது. ஐரோப்பாவில் மரம் வெட்டும் தொழிலாளிகளின் கைகளில் லைக்கனால் வரும் தோல்நோய் மருத்துவத்தில் பழைய செய்தி. ஓக் பாசி தரும் ஒவ்வாமையின் மூலத்தைத் தேடியவர்கள் 2003-இல் இந்த இரண்டு மூலக்கூறுகளையும் சுட்டிக்காட்டினார்கள். டென்மார்க்கில் நடந்த ஆய்வில், ஏற்கெனவே ஒவ்வாமை ஏற்பட்டிருந்தவர்கள் 10 லட்சத்தில் 5 பங்கு குளோரோஅட்ரனால் கலந்த கரைசலைத் தடவி வந்தபோது ஒருவர் நீங்கலாக எல்லோருக்கும் தோல் பாதித்தது. மிகக் குறைந்த அளவிலேயே வேலை காட்டும் பொருள் இது.

பிறகு விதிகள் வந்தன. பாசிச் சாற்றைத் தோலில் பூசும் பொருட்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது, சாற்றில் அட்ரனாலும் குளோரோஅட்ரனாலும் தலா 10 லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக் கூடாது என்று வாசனைத் தொழிலின் சர்வதேச அமைப்பான இஃப்ரா வரம்பு போட்டது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு, இவ்விரண்டும் அழகுசாதனப் பொருட்களில் இருக்கவே கூடாது என்றது. 2017-இல் சட்டம் வந்தது. 2019 ஆகஸ்ட் 23-க்குப் பிறகு இவை உள்ள புதுச் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. 2021 ஆகஸ்ட் 23-க்குப் பிறகு பழைய சரக்கையும் விற்க முடியாது. கவனிக்க வேண்டியது, தடை இரண்டு மூலக்கூறுகளுக்கு, பாசிக்கு அல்ல.

பாசியே தடை செய்யப்பட்டுவிட்டது என்று வாசனைப் பிரியர்கள் பலர் இன்றும் புலம்புகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. சட்டத்துக்குப் பயந்து பல நிறுவனங்கள் பாசியை முழுதாகக் கைவிட்டு, பச்சோலியையும் எவர்னிலையும் வைத்து ஒப்பேற்றின. எவர்னில் நல்ல சரக்குதான், ஆனால் அது உலர்ந்த, மாவு போன்ற ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். இயற்கைச் சாற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் சேர்ந்து தரும் மை வாசனையும் தோல் வாசனையும் அதில் வராது. ஆனால் கழுத்தில் தடித்துப்போன ஒருவரிடம் பழைய மணம் போய்விட்டதே என்று அழுவதில் நியாயமில்லை. எனக்குப் பிடித்த வழி மூன்றாவது: அரிப்புள்ள பிள்ளையை மட்டும் பிரித்தெடுப்பது.

அதற்கான வேதியியல் அழகானது. அட்ரனால் தோலின் லைசினைத் தேடிப்போய் ஒட்டுகிறது என்றால், தோலுக்கு வருமுன்பே அதன் கண்ணில் ஓர் அமீனைக் காட்டிவிடலாம். பாசிச் சாற்றை அமினோ அமிலங்களோடு வினைபுரிய விட்டால் ஆல்டிஹைடுகள் அவற்றோடு ஒட்டி முடங்கும். குறைந்த அழுத்தத்தில் வடித்து, ஒவ்வாமைப் பகுதியை வெட்டி எடுப்பது இன்னொரு முறை. இப்படிச் சுத்தம் செய்த ஓக் பாசி கிராஸில் இன்று வாங்கக் கிடைக்கும் சரக்கு. கெர்லானின் வாசனைக் கலைஞர் தியரி வாசர் அத்தகைய பாசியைக் கொண்டு மிட்சுக்கோவின் பழைய ஆழத்தை மீட்க முயன்றார். பொருளைப் பிரித்தால் மணத்தில் சிறு பள்ளம் விழத்தான் செய்யும். அதை நிரப்புவது கலைஞரின் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க மூலமும் இருக்கிறது: வெர்சாயில் 1990 முதல் இயங்கும் ஆஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகத்தில் கோட்டியின் ஷீப்ர் இன்றும் முகர்ந்து பார்க்கக் கிடைக்கிறது.

இந்தியாவுக்குப் பாசி மணம் அந்நியம் அல்ல. வடக்கே சரிலா என்ற பெயரில் இதே லைக்கன்கள் கன்னோஜ் அத்தர்க்காரர்களின் டேக் என்ற செப்பு வடிகலங்களில் நெடுங்காலமாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. மூலிகையும் வாசனைச் சரக்கும் பலவிதமாகச் சேரும் ஷமாமா அத்தரில் சரிலாவுக்கு நிரந்தர இடமுண்டு.

இப்போது தேனி மாவட்டத்து வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஷீப்ருக்கு வேண்டிய மூன்று அடுக்கும் ஒரு நாள் பயணத் தூரத்துக்குள் இருக்கின்றன. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் ஏலமலை. ஏலத்தைலத்தில் முக்கியமாக இருப்பவை 1,8-சினியோலும் டெர்பினைல் அசிட்டேட்டும். முன்னது குளிர்ச்சியும் கூர்மையும், பின்னது பழவாசம் கலந்த இனிப்பு. பெர்கமாட் அமரும் முதல் அடுக்கில் ஏலம் தாராளமாக உட்காரும். பெர்கமாட்டுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதிலுள்ள பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கிக் கறுக்க வைக்கும். நீராவியில் வடித்த ஏலத்தைலத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நடு அடுக்குக்கு மல்லிகை. நிலக்கோட்டைப் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, பூவிலிருந்து ஹெக்ஸேன் கொண்டு சாறு எடுக்கும் தொழிலும் தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது. பாசிச் சாறு எடுப்பதற்கும் கரைப்பான் அதுவே, பாத்திரமும் அதுவே. லாப்டானம் மட்டும் நம்மிடம் இல்லை. அந்த இடத்தில் குங்கிலியத்தையும் வெட்டிவேரையும் வைத்துப் பார்க்கலாம். மணம் பாரிஸைப் போல இருக்காது; இருக்க வேண்டியதும் இல்லை.

கல்பாசியில் ஓக் பாசியின் எவர்னிக் அமிலம் இல்லாததால் நுட்பமான வேறுபாடுகள் வரும். அட்ரனோரின் இரண்டிலும் பொது. ஆகவே அட்ரனாலும் பொது, ஐரோப்பியச் சட்டமும் பொது. எந்தப் பாசியிலிருந்து வந்தாலும் அந்த மூலக்கூறு சட்டத்துக்கு ஒன்றுதான். கல்பாசி அத்தரைச் செய்து ‘இயற்கை, ஆகவே பாதுகாப்பு’ என்று சீட்டு ஒட்டுகிறவர் வாங்குகிறவருக்குத் துரோகம் செய்கிறார். குழம்பில் போடுவதும் கழுத்தில் பூசுவதும் வேறு வேறு விஷயம்.

எனக்கு இருக்கும் பெரிய கவலை மலையைப் பற்றியது. இலை போன்ற லைக்கன்கள் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். மளிகைக்கடையில் ஒரு கைப்பிடியை அள்ளும்போது நாம் அள்ளுவது பல வருட வளர்ச்சியை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பளியர் போன்ற பழங்குடியினர் சேகரிக்கும் சிறு வனப்பொருட்களில் பாசிக்கும் இடம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு அந்த உரிமையைத் தருகிறது. கிலோக் கணக்கில் கேட்கும் வாசனைச் சந்தை ஒன்று திடீரென்று முளைத்தால், மரத்தைச் சுரண்டி வழித்தெடுக்கும் இடைத்தரகர் முதலில் வருவார், நியாயமான விலை கடைசியில் வரும்.

ஏலத்தோட்டத்திலேயே ஒரு வழி தென்படுகிறது. ஏலச்செடி நிழலில் வளர்வது. மழைக்காலம் தொடங்குமுன் நிழல் மரங்களைக் கவாத்து செய்து வெளிச்சத்தைச் சரிப்படுத்துவார்கள். அப்போது விழும் கிளைகளில் லைக்கன் அப்பியிருக்கும். வெளிச்சம் போய்த் தரையில் மக்கியோ, விறகாகிப் பச்சைக்காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பில் எரிந்தோ அது முடிந்துபோகிறது. விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் கிளம்பித் தோட்டவேலைக்கு மலையேறும் பெண்களின் கை, விழுந்த கிளையிலிருந்து அதை உரித்தெடுக்கப் போதும். நிற்கும் மரத்தைத் தொட வேண்டாம். அந்த வேலைக்குத் தனிக் கூலியும், அரிப்பு வராமல் இருக்கக் கையுறையும் கொடுத்தாக வேண்டும்.

இதில் ஒரு தடை குறுக்கே நிற்கிறது. ஏலம் பூச்சிமருந்து அதிகம் தெளிக்கப்படும் பயிர். லைக்கனுக்கு வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதை உடல் முழுக்க உறிஞ்சும். காற்று கெட்டால் முதலில் மடிகிற உயிர்களில் அதுவும் ஒன்று, மடியாதது கெட்டதைச் சேர்த்து வைத்திருக்கும். தெளிப்புள்ள தோட்டத்துப் பாசியை ஹெக்ஸேனில் இறக்கினால் மணத்தோடு மருந்தும் செறிந்து வரும். ஆகவே மருந்து தெளிக்காத, அல்லது அறவே குறைத்த தோட்டங்களின் கிளைகளே இதற்கு லாயக்கு. கவாத்தை மிஞ்சி நிழலை மொட்டையடிக்காத தோட்டங்களாகவும் அவை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடத்துப் பாசிக்குக் கிளையே இருக்காது. ஏற்றுமதி ஏலக்காயில் மருந்து எச்சம் பார்க்க நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் கொச்சியிலும் தூத்துக்குடியிலும் இயங்குகின்றன. அங்கே எச்சத்தை அளக்கும் வாயு நிறப்பகுப்பு முறையாலேயே அட்ரனாலையும் அளக்க முடியும். ஒரே தோட்டத்தின் காயையும் பாசியையும் சேர்த்து அனுப்பி, இரண்டு கேள்விகளுக்கும் விடை வாங்கிவிட்டு, பிறகு சாறு இறக்கத் தொடங்கலாம்.