கரும்பூஞ்சையும் கையில் இருக்க வேண்டிய சீட்டும்

கேரளத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, வீட்டில் ஒருவருக்கு நோய் முற்றினால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு டாக்டர், அந்தப் பக்கம் ஒரு டாக்டர் என்பது பழகிப்போன விஷயம். மூணாறு எஸ்டேட்டுகளில் இருப்பவர்கள் போடிமெட்டு வழியாகவும், பீர்மேட்டுக்காரர்கள் குமுளி வழியாகவும் தேனிக்கு இறங்குகிறார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தவர் கோவைக்குப் போகிறார்கள். இதில் தவறில்லை. ஆனால் முதல் டாக்டர் கொடுத்த மருந்து என்ன என்பது இரண்டாவது டாக்டருக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கரும்பூஞ்சை நோய் காட்டியது.

கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021-ல் இந்நோய் நாடெங்கும் பரவலாகக் காணப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 28-ல் மத்திய சுகாதார அமைச்சர் தந்த கணக்கின்படி நோயாளிகள் 40,845 பேர். இறந்தவர்கள் 3,129 பேர். நோயாளிகளில் நூற்றுக்கு 64 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்கள்.

இந்தப் பூஞ்சையின் நுண்விதைகள் மண்ணிலும் மக்கிய இலையிலும் எப்போதும் உண்டு. அவற்றை நாம் தினமும் சுவாசிக்கிறோம். ஆரோக்கியமான உடம்பில் வெள்ளை அணுக்கள் அவற்றை அழித்துவிடும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் ஆகியோரிடம் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைப்பதால் சதை செத்துக் கறுக்கிறது. பெயர் வந்த காரணம் இதுதான். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

ஸ்டீராய்டைப் பகையாக நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் மரணத்தை டெக்ஸாமெத்தசோன் குறைத்தது என்று 2020-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு நிரூபித்தது. ஆனால் அதே மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், சர்க்கரையையும் ஏற்றும். தேவையில்லாமலோ, அளவு மீறியோ, அதிக நாட்களோ எடுத்தால்தான் விபரீதம். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

முகத்தில் ஒரு பக்கம் வலி அல்லது வீக்கம், மூக்கடைப்பு, மூக்கிலிருந்து கறுத்த நீர், இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, பல் ஆடுதல், மேல் அண்ணத்தில் கறுப்புத் திட்டு ஆகியவை அறிகுறிகள். சளி என்று நினைத்து நாள் தள்ளினால் கண்ணை எடுக்க நேரலாம். மூளைக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. செத்த சதையை அறுவை செய்து அகற்றி, ஆம்போடெரிசின்-பி ஊசி போட்டு, சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டும். அந்த ஊசி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பு அவசியம்.

ஆகவே எல்லை தாண்டும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நோயாளிக்கு என்னென்ன நோய்கள், ஸ்டீராய்டின் பெயர், அளவு, எத்தனை நாள் எடுத்தார், கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவு. டிஸ்சார்ஜ் சீட்டையும், மிச்சமுள்ள மாத்திரை அட்டைகளையும், பெயர் ஒட்டாத பொடி, லேகியம் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது. புதிய டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு உடனே பதில் கிடைத்தால், சந்தேகப்பட வேண்டிய நோயை அவர் அன்றைக்கே சந்தேகப்படுவார்.