கோழித் தீவனமும் கல்லூரிக் கணிதமும்

நாமக்கல் என்றதும் நினைவுக்கு வருபவை மலைக்கோட்டையும், லாரியும், முட்டையும்தான். அந்த முட்டைக்கும் கல்லூரியில் நடக்கும் உயர்ந்த கணிதத்துக்கும் முடிச்சுப் போட்டால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு என்று பலர் சிரிப்பார்கள். ஆனால் கல்லூரி மாணவர்களைத் திணற அடிக்கும் ஒரு பாடம், இந்த வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளில் தினந்தோறும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் நேரியல் இயற்கணிதம்.

சேலத்தில் 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் அமைந்தது. அதைச் சேர்ந்த கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணிதம் எடுப்பவர்களில் பலர் கிராமத்துப் பிள்ளைகள்; பள்ளியில் தமிழில் படித்தவர்கள். அணி, அணிக்கோவை என்றெல்லாம் பழகிய அவர்களுக்குக் கல்லூரியில் அவையே மேட்ரிக்ஸ், டிடர்மினன்ட் என்று வேறு வேஷத்தில் வந்து நிற்கின்றன. அதுகூடப் பெரிய கஷ்டமல்ல. சமன்பாடுகளைத் தீர்க்கும் வரையில் சமாளித்து விடுகிறார்கள். ‘திசையன் வெளி’, ‘நேரியல் சார்பின்மை’ என்று ஆசிரியர் தொடங்கியதும்தான் விழிக்கிறார்கள்.

வகுப்பில் இறங்கும் பனி

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த சங்கடமல்ல. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் டேவிட் கார்ல்சன் இதைப் பற்றியே 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். அணிப் பெருக்கல் வரை தெளிவாக இருக்கும் வகுப்பில், சார்பின்மை போன்ற விஷயங்கள் வந்ததும் மூடுபனி இறங்கி விடுகிறது என்றார் அவர். ஏற்காட்டு மலையில் பனி இறங்குவதைக் கண்ட சேலத்துக்காரர்களுக்கு இந்த உவமை உடனே விளங்கும்.

பனி ஏன் இறங்குகிறது? பொருளைக் காட்டுமுன் இலக்கணத்தைச் சொல்லிவிடுவதால்தான். மாணவன் இலக்கணத்தை நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் தேறிவிடுகிறான். ஆனால் அது எதற்கு என்று தங்கை கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

மூட்டைக் கணக்கு

பண்ணைக்குப் போய்ப் பார்ப்போம். மக்காச்சோளத்தில் சுமார் 9 சதவிகிதம் புரதம்; சோயாப் புண்ணாக்கில் சுமார் 45. இவ்விரண்டையும் கலந்து, 18 சதவிகிதம் புரதமுள்ள 100 கிலோ தீவனம் வேண்டும். எடைக்கு ஒரு சமன்பாடு, புரதத்துக்கு ஒரு சமன்பாடு. தீர்த்தால் சோளம் 75 கிலோ, புண்ணாக்கு 25 கிலோ என்று விடை வரும்.

இப்போது ஒருவர் மூன்றாவது மூட்டை ஒன்றைக் கொண்டுவருகிறார். சோளமும் புண்ணாக்கும் சரிபாதியாகக் கலந்த மூட்டை அது. அதனால் புதிதாக என்ன லாபம்? ஒன்றுமில்லை. அதை வைத்துச் செய்யக்கூடிய கலவையை முதலிரண்டு மூட்டைகளாலேயே செய்துவிடலாம். இதைத்தான் கணிதத்தில் ‘சார்புடையது’ என்கிறார்கள்.

நாலாவதாகக் கிளிஞ்சல் மூட்டை வருகிறது. முட்டையின் ஓடு பெரும்பாலும் சுண்ணாம்பு. அந்தச் சத்தைச் சோளமும் புண்ணாக்கும் வேண்டிய அளவு தரமாட்டா. ஆகவே கிளிஞ்சல் புதுச் சரக்கு, அது ‘சார்பற்றது’. மூட்டை நான்கு இருந்தாலும் உண்மையான சரக்கு மூன்றுதான். அந்த மூன்று என்ற எண்ணிக்கைக்குத்தான் ‘பரிமாணம்’ என்று பெயர். இவ்வளவுதான் விஷயம்!

உதாரணத்துக்கும் எல்லை உண்டு. தீவனத்தில் ‘மைனஸ் 5 கிலோ’ சோளம் போட முடியாது; கணிதத்தில் அதற்கும் இடமுண்டு. அந்த வேறுபாட்டை விளக்கி, பண்ணையிலிருந்து பொது விதிக்கு அழைத்துப் போவதுதான் ஆசிரியரின் வேலை.

ஒன்பது குமாஸ்தாக்கள்

முட்டை உற்பத்திச் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. எனவே சத்தும் குறையாமல், விலையும் ஏறாமல் கலக்க வேண்டும். இதே கேள்வியை ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1945இல் மனிதர் சாப்பாட்டுக்குக் கேட்டார். 77 உணவுப் பண்டங்களில் எவற்றை எவ்வளவு வாங்கினால் மிகக் குறைந்த செலவில் போதிய சத்துக் கிடைக்கும்? 1947இல் ஜார்ஜ் டான்ட்ஸிக் கண்ட புதுமுறையால் இதற்குச் சரியான விடை கிடைத்தது. அன்று கைக் கணக்கு யந்திரங்களோடு ஒன்பது குமாஸ்தாக்கள் உட்கார்ந்தார்கள். 120 ஆள்நாள் வேலை பிடித்தது. இன்று கம்ப்யூட்டர் அதை இமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது.

கம்ப்யூட்டர்தான் கணக்கைப் போட்டுவிடுகிறதே, பிள்ளைகள் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். எந்த மூட்டை புதுச் சரக்கு, எது வெறும் கலவை என்று பிரித்தறிந்து கேள்வியைச் சரியாக அமைக்க வேண்டியவன் மனிதன்தான். கேள்வி தப்பானால் யந்திரம் தப்பான விடையையே வேகமாகத் தரும்.

வீட்டில் பத்துக் கோழி வளர்க்கும் தாயின் மகனும் மகளும் இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த மூட்டையிலிருந்து பாடத்தைத் தொடங்கினால், பனி தானே விலகும்.